விற்றவர் ஒருவர், குடிபெயர்ந்தவர் மற்றொருவர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது தமிழர் பழமொழி. வீட்டை விற்றுப் பார், குழந்தை குட்டிகளோடு வேறிடம் போய்ப் பார் என்று அது சொல்லவில்லை. சொல்லியிருப்பின், அதன் பொருளை இன்றைய பூச்சோங் வாசிகள் நன்கு உணர்வர். வீடு விற்க முனைந்தவர் தரகர், வழக்கறிஞர், வங்கி, நில அலுவலகம் எனப் பல படிகள் ஏறி இறங்க வேண்டும். வாங்குவோருக்குக் கடன் கிடைக்குமா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதனிடையே சட்டி பானைகளைக் கட்டும்போது, "நாம் எங்கே போகிறோம்? பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் வருவாளா?" என்று சிறு குழந்தை கேட்கும். பெற்றோர் விடை தெரியாமல் விழிப்பர்.

எனினும் அவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. விற்பது அவர்களுடைய வீடு. விலையும் அவர்கள் கைக்கே வரும். நாளைக் குறிப்பவர்களும் அவர்களே. இதே மண்ணில் ஒரு தலைமுறைக்கு முன் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. விற்றவர் ஒருவர், குடிபெயர்ந்தவர் மற்றொருவர். மலாயாத் தோட்டங்கள் கைமாறிய வரலாற்றை நிலத்தின் கணக்காகவும் ரப்பரின் கணக்காகவும் எழுதியவர் பலர். அதனைக் குழந்தைகளின் கணக்காகவும் பார்த்தல் வேண்டும்.

வேலையோடு ஒட்டிய வீடு

தோட்டத்து லயம் எத்தகைய வீடு? அது வாடகை வீடன்று, சொந்த வீடுமன்று. பால்மரம் சீவும் வேலையோடு சேர்ந்து வந்த வீடு. வேலை உள்ளவரை கூரை உண்டு; வேலை போனால் கூரையும் போயிற்று. இதில் வியப்பிற்குரியது யாதெனின், குழந்தையின் உலகம் முழுவதுமே அவ்வொரு வேலையோடு கட்டப்பட்டிருந்தது என்பதே.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்விதியினால் தோன்றியவை. தாய் வெளிக்காட்டு வேலைக்குப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயக்கொட்டகை இருந்தது. கோயில் தோட்டத்து நிலத்தில் இருந்தது. மருந்தகமும் பந்து விளையாடும் திடலும் அங்கேயே இருந்தன. நகரத்துக் குடும்பம் வீடு மாறினால் குழந்தை வீட்டை மட்டும் இழக்கும். பள்ளி பெரும்பாலும் நிலைக்கும். தோட்டம் விற்கப்பட்டாலோ வீடு, பள்ளி, ஆயக்கொட்டகை, கோயில், தோழர் கூட்டம் அனைத்தும் ஒரே கையெழுத்தில் போயின.

லயத்து வாழ்வு சொர்க்கம் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. நெருக்கமான அறைகளும், பொதுக் குழாயும், பல பள்ளிகளில் பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் நடத்திய நிலையும் ஆசிரியர்கள் அறியாதவை அல்ல. தோட்டத்தைவிட்டு வெளியேறியதால் மேற்படிப்பை எட்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே, வெளியேறியது மட்டுமே தீங்கன்று. வெளியேறிய முறையே தீங்கு.

துண்டாடல்

முதற் பெரும் அலை 1950களில் எழுந்தது. கொரியப் போரை ஒட்டி ரப்பர் விலை உயர்ந்தது. நாடு விடுதலையை நெருங்கியது. 1957இல் விடுதலையும் வந்தது. வெள்ளைக்கார முதலாளிகளிற் சிலர் தோட்டங்களை விற்றுப் பணத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக விரும்பினர். வாங்கியவர்கள் பலர் தோட்டம் நடத்த வாங்கியவர்கள் அல்லர். பெரிய நிலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித் தனித்தனியே விற்று இலாபம் காண வாங்கியவர்கள். இதற்குத் துண்டாடல் என்று பெயர் ஏற்பட்டது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில் விரிவான அறிக்கை தந்தார்.

துண்டாடலில் குழந்தைகளைப் பாதித்த நுட்பம் ஒன்று உண்டு. ரப்பர்த் துறையின் கணக்கில் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது தோட்டம். குறைந்தால் சிறு உடைமை. ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் பல துண்டுகளானபின், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உடையவர். அவர் தம் குடும்பத்தைக் கொண்டோ, குத்தகைக்காரரைக் கொண்டோ மரம் சீவிக்கொள்வார். லயம் கட்டும் கடமையும், பள்ளி நடத்தும் கடமையும் யாருடையவை? நேற்றுவரை ஒருவருடையவை, இன்று ஒருவருடையவையும் அல்ல. மரங்கள் அங்கேயே நின்றன. பாலும் சுரந்தது. பிள்ளைகள் மட்டும் நிற்க இடமின்றிப் போயினர்.

பத்து வெள்ளியின் துணிவு

இதற்கு மாற்று என்ன? 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் தலைமைச் செயலாளராக இருந்த காலத்தில் துண்டாடலை எதிர்த்துக் குரல் எழுப்பியது. ஆனால் விற்பவர் விற்கவும் வாங்குபவர் வாங்கவும் சட்டம் இடம் தந்தபோது, எதிர்ப்புக் குரல் மட்டும் போதவில்லை.

அப்போது அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் வேறொரு வழி கண்டார். தோட்டத்தை விற்கிறார்களா? தொழிலாளரே வாங்கட்டும் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்குதாரர் ஆகுமாறு தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. ஆயினும் கொடுத்தனர். 1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன.

இம்முயற்சியை அரசியல் வெற்றியாகவே பலரும் எடுத்துரைப்பர். பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் அதன் பொருள் எளியது. தோட்டம் கைமாறிய மறுநாள் காலையில் பெரட்டு நடந்தது; பள்ளி மணியும் அடித்தது. விற்பனை நடந்தும் வீடு மாற நேரவில்லை. தோட்டம் சிதறாது நின்றால் குழந்தையின் உலகமும் சிதறாது என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் நாட்டில் விற்கப்பட்ட தோட்டங்கள் எல்லாவற்றையும் வாங்கும் வலிமை பத்து வெள்ளிச் சேமிப்புக்கு எங்ஙனம் வரும்?

நகரம் தேடி வந்தபோது

இரண்டாம் அலை ரப்பருக்காக எழவில்லை, நிலத்திற்காக எழுந்தது. 1981இல் கத்திரி நிறுவனத்தின் பங்குகளை மலேசியர் இலண்டனில் வாங்கியதைப் போலப் பெருந்தோட்ட நிறுவனங்கள் வெள்ளையரிடமிருந்து உள்நாட்டார் கைக்கு வந்தன. உடைமையாளர் மாறினும் லயத்தின் தன்மை மாறவில்லை. அது வேலையோடு ஒட்டிய வீடாகவே இருந்தது. கோலாலம்பூர் பெருகப் பெருக, அதன் தெற்கே கிடந்த பால்மரக் காடுகள் வீட்டு மனைகளாக விலை பெற்றன.

பூச்சோங் இதற்கு நல்ல சான்று. ஈயச் சுரங்கமும் தோட்டமுமாக இருந்த இவ்வட்டாரத்தில் இடங்களை மைல்கல்லால் குறிப்பதே வழக்கம். பதினான்காம் மைல் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கின்ராரா தோட்டம் இருந்த இடத்தில் 1990களில் பண்டார் கின்ராரா எழுந்தது. பூச்சோங் ஜெயாவும் அக்காலத்தில் வளர்ந்தது. 1999இல் டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016இல் இலகு இரயிலும் வந்தது. அருகே புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் தேசிய விளையாட்டரங்கு எழுந்து, 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. தெற்கே, முதல் உலகப் போரில் பணியாற்றிய வெள்ளையர் 1921இல் திறந்த பிராங் புசார் தோட்டம் 1990களில் நாட்டின் நிருவாகத் தலைநகரான புத்ராஜெயா ஆயிற்று. பிராங் புசார், மெடிங்லி, கேலவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்துக் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்குப் போயின.

எட்டு வாரம்

வேலை நிறுத்தப்படும் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்தது என்ன? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிடில், ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகையவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம் இழப்பீடு. இருபது ஆண்டு மரம் சீவியவருக்கு 400 நாள் சம்பளம். நாள் சம்பளம் 15 வெள்ளி என வைத்துக்கொண்டால் 6,000 வெள்ளி ஆகும். அக்காலத்தில் குறைந்த விலை வீட்டுக்கு அரசு குறித்த விலை 25,000 வெள்ளி. எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் வேண்டும். வேலை போனவருக்குக் கடன் கொடுப்பவர் யார்?

1990இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், வீடு எப்படி இருக்க வேண்டும், குழந்தைக் காப்பகம் எப்போது வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தது. வேலை முடிந்தபின் அவ்வீடு யாருக்கு என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை.

ஆகவே பல குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டின. அவையும் உடைபட்டபோது தற்காலிக நீள்வீடுகளுக்குப் போயின. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் ஆவது என்று சிலாங்கூர் இலக்கு வைத்த காலத்தில் அடுக்கு வீடுகளுக்குப் போயின. ஐந்து வயதில் தோட்டத்தைவிட்ட குழந்தை, படிப்பு முடிவதற்குள் இரண்டு மூன்று வீடுகள் மாறியிருக்கும்.

இவ்வலைச்சலில் ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. தொடக்கக் கல்வி கட்டாயமானது 2003இல்தான். அதற்கு முன் ஒரு பிள்ளை பழைய பள்ளியை விட்டுப் புதிய பள்ளியிற் சேராதிருந்தால், அதனைத் தேடிச் செல்லும் கடமை எவருக்கும் இல்லை. பழைய தலைமையாசிரியர், பிள்ளை வேறிடம் போயிற்று என்று எண்ணுவார். புதிய இடத்தில் அப்படியொரு பிள்ளை இருப்பதே யாருக்கும் தெரியாது. மூட்டை முடிச்சுகளுக்கிடையே பிறப்புப் பத்திரம் தொலைந்தால் இன்னல் இரட்டிப்பாகும். பத்திரமற்ற இந்தியர்களைப் பதிவு செய்ய 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கமே நடத்த வேண்டியிருந்தது என்றால், தாள் ஒன்றின் அருமை விளங்கும்.

பலகையில் நிற்கும் பெயர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பயணம் செய்வோர் கின்ராரா, காசல்ஃபீல்டு, சீப்போர்ட், எஃபிங்ஹாம், புக்கிட் ஜாலில் என்ற பெயர்ப் பலகைகளைத் தமிழ்ப்பள்ளி வாசல்களிற் காணலாம். இவை தோட்டப் பெயர்கள். தோட்டங்கள் மறைந்தன, துரை பங்களாவும் ஸ்டோரும் மறைந்தன. பள்ளி தன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530 இருக்கின்றன. மறைந்தவற்றுள் தோட்டத்தோடு மறைந்தவை மிகுதி. ஆனால் நிலைத்தவை எடுத்துரைக்கும் செய்தியும் உண்டு. எங்கே பள்ளிக்கு நிலம் ஒதுக்கப்பட்டுப் பள்ளி பிழைத்ததோ, அங்கே சிதறிய குடும்பங்கள் மீண்டும் சந்திக்க ஓர் இடம் இருந்தது. முன்பு பக்கத்து லயத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது வெவ்வேறு அடுக்கு மாடிகளிலிருந்து வந்தாலும் ஒரே வகுப்பில் அமரலாம். பெற்றோர் வாசலிற் கூடி ஒருவருக்கொருவர் வேலை சொல்லலாம், வீடு சொல்லலாம். கூரை போனபோது குழந்தைக்கு வீடாக நின்றது பள்ளியே.

வரலாறு தரும் பாடம்

பூச்சோங்கில் இன்றும் குடும்பங்கள் இடம் மாறிய வண்ணமே இருக்கின்றன. தோட்டம் விற்கப்பட்டு வெளியேறுவோர் அரியர். கடன் கட்ட முடியாமல் வீட்டை விற்போரும், வாடகை ஏறியதால் நகர்வோரும், பெரிய வீடு வாங்கிப் போவோரும் உள்ளனர். காரணம் வேறாயினும் குழந்தையின் கேள்வி ஒன்றே: "நாம் எங்கே போகிறோம்? யாரெல்லாம் வருவார்கள்?"

தோட்ட வரலாறு அக்கேள்விக்கு மூன்று விடைகளைக் காட்டுகிறது. முதலாவது, சாமான்களைக் கட்டுமுன் தாள்களைக் கட்டுக. பிறப்புப் பத்திரமும் பள்ளி மாற்றப் பாரமும் தாயின் கைப்பையில் இருத்தல் வேண்டும், லாரியில் அன்று. இரண்டாவது, வீடு முடிவாகும்போதே பள்ளியும் முடிவாகட்டும். குழந்தை புதிய பள்ளியை ஒருமுறையேனும் முன்னதாகப் பார்க்கட்டும். போகும் இடத்தை மறைத்து வைப்பதால் அச்சம் குறையாது, பெருகும். மூன்றாவது, வீடு மாறினும் உறவு மாறாதிருக்க வழி செய்க. தோழனின் பெயரும் தொடர்பும், பழகிய கோயிலும், பாட்டி வீடும் குழந்தைக்குச் சுவர்களைக் காட்டிலும் உறுதியானவை.

இவற்றுள் இரண்டாவது ஆசிரியரின் பங்கும் ஆகும். ஒரு பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது ஒரு கோட்டில் முடியும் வேலை. அப்பெயர் மற்றொரு பதிவேட்டில் ஏறியதா என்று கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அன்று தோட்டத்தைவிட்டுப் போன பிள்ளைகள் பலருக்காக அக்கேள்வியைக் கேட்க யாருமில்லை. இன்று கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது.