திண்டிவனத்திலிருந்து கடல் கடந்த செய்தி

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே சென்றால் திண்டிவனம். போளூர் வழியாக வடக்கே சென்றால் வேலூர். இவ்வட்டாரச் சபையார் கடும்நோயுற்றால் 'சி.எம்.சி.'க்குச் செல்வது வடதிசைச் சாலையில். அம்மருத்துவமனையின் வரலாறோ கீழ்த்திசைச் சாலையின் முடிவில், ஒரு தாயின் நோய்ப்படுக்கையருகே தொடங்கிற்று.

மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மருத்துவர் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றியவர். 1853-ல் தோன்றிய அமெரிக்க ஆற்காடு மிஷன் அவர்தம் மைந்தரால் வளர்ந்தது. இத்தகைய குடும்பத்தில் தோன்றியும் ஐடா மிஷனெரியாக விரும்பினாரல்லர். சிறுமியாயிருக்கையில் தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டவர் அவர். பின்னர்ப் பெற்றோர் இந்தியா திரும்பியபோது, அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டார். மிஷனெரிமாரின் தியாகத்தைப் போற்றும் நாம், அத்தியாகத்தின் ஒரு பங்கைச் செலுத்தியவர்கள் அவர்தம் பிள்ளைகள் என்பதை எண்ணுவது அரிது.

அப்பெண், மூடி ஐயர் நிறுவிய நார்த்ஃபீல்டு கல்விக்கூடத்தில் பயின்று, அந்நாட்டிலேயே வாழ்க்கையை அமைத்துக்கொள்ள எண்ணியிருந்தார். அந்நிலையில் அன்னை சோஃபியா அம்மையார் திண்டிவனத்தில் நோயுற்றிருப்பதாகச் செய்தி எட்டிற்று. 1890-ல் ஐடா கப்பலேறினார். தாயைப் பேணவும் தந்தைக்கு உதவவுமே வந்தார். பணி முடிந்ததும் திரும்புவதே அவர் கருத்து. இன்று வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சபைப் பிள்ளைகள், ஊரிலுள்ள பெற்றோரின் நோயைத் தொலைபேசியில் கேட்டுக் கலங்குவதற்கு இது வேறானதன்று. ஆனால் அன்று வழிப்பயணமே வாரக்கணக்கில் நீண்டது.

திண்டிவனத்து இரவைப் பற்றிப் பிரசங்கம் கேளாதார் நம்மில் இலர். அந்தணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், மற்றோர் உயர்குல இந்து ஆகிய மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் இளம் மனைவியரைக் காக்க ஐடாவை வேண்டினர். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தந்தையாரே மருத்துவர் என்றும் அவர் கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியரைத் தொட்டுப் பார்க்க அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

பிரசங்கிமார் பெரும்பாலும் இவ்விரவிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர்; தாயின் நோய் முன்னுரையில் ஒரு வரியாய் ஒதுங்குகிறது. இஃது சரியன்று என்பது நம் கருத்து. அதே ஊரில், ஒரு வீட்டில் நோயுற்ற பெண்ணுக்குக் கணவரே மருத்துவர். மகளோ கடல் கடந்து வந்து அருகிருந்தாள். மற்ற மூன்று வீடுகளிலும் அன்பில்லாமலில்லை. இருட்டில் உதவி தேடி நடந்தவர்கள் அக்கணவர்களே. இல்லாதது ஒரு பெண் மருத்துவர் மட்டுமே. தாயின் படுக்கையை அறிந்த மகளுக்கு இவ்வேறுபாடு புலப்படாமல் இருந்திருக்குமா?

ஐடா அமெரிக்கா திரும்பியது உண்மை. ஆனால் மருத்துவம் பயிலவே. 1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் திறக்கப்பட்டன.

எந்தத் தாயின் நோய் ஐடாவை இந்நாட்டிற்கு அழைத்ததோ, அத்தாய் அந்நோயால் இறக்கவில்லை. கணவரை இழந்தபின்னும் வேலூரில் மகளுடனேயே பல்லாண்டு வாழ்ந்து, அம்மருத்துவமனை வளர்வதைக் கண்டார்.