பெட்டுக்கு ஒரு வாடகை

போன மே மாதம் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தாகிவிட்டது, இனி தங்க இடம் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகிற தூரத்தில், மாணவர்களுக்கு மட்டுமேயான பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. கீழே ஜிம், மொட்டை மாடியில் நீச்சல்குளம், வீட்டுக்கு நான்கு படுக்கையறைகள். கட்டில், மேசை, சோஃபா எல்லாம் ‘டிசைனர்’ சரக்கு. கடைசிப் பக்கத்தில்தான் வாடகை போட்டிருந்தது. ஒரு பெட்டுக்கு மாதம் 1,150 டாலர். வீட்டுக்கு இல்லை, ரூமுக்கும் இல்லை, பெட்டுக்கு.

"எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டிருந்தான். நான் வாடகையை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிற மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. பிரம்பு பின்னிய முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை. பக்கவாட்டில் பார்த்தால் ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸை விரித்து நிறுத்தியது மாதிரி கால்கள். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாகச் சண்டிகர் போனபோது, பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஒரு தாழ்வாரத்தில் அதன் அண்ணன் தம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்தேன். ஒன்றில் உட்கார்ந்தும் பார்த்தேன். பிரம்பு ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. மற்றபடி முதுகுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஒரு சர்க்கார் நாற்காலி எப்படி அமெரிக்க மாணவர் குடியிருப்பின் விளம்பரப் படத்துக்குள் போய் உட்கார்ந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வழி பாரிஸுக்குப் போகிறது.

முதல் உலகப்போர் முடிந்த பாரிஸில் வீட்டுப் பஞ்சம். வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன்களுக்குக் கிடைத்தது தண்ணீர் வராத, வெயில் படாத மச்சு அறைகள். காசநோய் மலிந்திருந்த காலம். கல்வி அமைச்சராக இருந்த ஆந்த்ரே ஓனோரா, உலகத்து மாணவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தால் அடுத்த போர் வராது என்று நம்பியவர். (வந்தது. அதற்காக அந்த நம்பிக்கையைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.) எண்ணெய்த் தொழிலதிபர் எமில் டாய்ச் த லா மேர்த் ஒரு கோடி ஃபிராங்க் கொடுத்தார். 1840களில் நகரைச் சுற்றிக் கட்டிய கோட்டைச் சுவரை இடித்த இடத்தில், 1925இல் முதல் விடுதி திறந்தது. பணம் கொடுத்தவர் அதற்கு முந்தைய வருடமே இறந்துபோனார். அதன்பிறகு ஒவ்வொரு நாடும் அங்கே தன் மாணவர்களுக்கு ஒரு வீடு கட்ட ஆரம்பித்தது. அந்த வளாகத்தின் பெயர் சிதே யூனிவெர்சிதேர்.

சுவிட்சர்லாந்து தன் விடுதியை லெ கொர்புசியேவிடமும் அவருடைய சித்தப்பா-பெரியப்பா வழித் தம்பி பியர் ஜான்னரேயிடமும் கொடுத்தது. 1933இல் திறந்தார்கள். தூண்கள்மேல் தூக்கி நிறுத்திய கட்டடம், தெற்கு முழுக்கக் கண்ணாடி. கட்டடக்கலை பாடப் புத்தகங்களில் இதெல்லாம் இருக்கும். எனக்கு முக்கியம் உள்ளே இருந்த சாமான்கள். அவற்றை வடிவமைத்ததில் பெரிய பங்கு ஷார்லாட் பெரியானுடையது. 1927இல், இருபத்து நான்கு வயதில் வேலை கேட்டு வந்த அவரிடம், இங்கே நாங்கள் தலையணைக்குப் பூ வேலை செய்வதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் லெ கொர்புசியே. சில மாதத்தில் பெரியான் ஒரு கண்காட்சியில் வைத்ததைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து செய்த எஃகுக் குழாய் நாற்காலிகள் 1929இல் காட்சிக்கு வந்தன. சாதாரண மனிதர்களுக்கானவை என்று நினைத்துச் செய்தார்கள். விலை சாதாரண மனிதர்களுக்கு எட்டவில்லை.

மாணவர் விடுதி அந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி காட்டியது. வாங்குவது மாணவன் அல்ல, நிறுவனம். ஒரே அளவு அறைகள் டஜன் கணக்கில். தனி ஆளுக்கு எட்டாததை மொத்தமாகச் செய்தால் எட்டவைக்கலாம். இரண்டாம் போருக்குப் பிறகு பெரியான் இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். 1952இல் மெக்சிகோ விடுதியின் 77 அறைகளுக்கு அவர் செய்த புத்தக அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மரப் பலகைகளுக்கு நடுவே வளைத்த தகரப் பெட்டிகள், வண்ணம் அடித்தவை. செய்தது நான்சி நகரத்து உலோகக் கைவினைஞர் ழான் ப்ரூவேயின் பட்டறை. அலமாரியை அவர் சுவரோடு ஒட்டி வைக்கவில்லை, அறையின் குறுக்கே நிறுத்தினார். ஒரு பக்கம் குளிக்கிற, முகம் கழுவுகிற இடம். மறுபக்கம் படுக்கையும் மேசையும். ஒரே சாமான் புத்தகத்தையும் தாங்கியது, சுவராகவும் நின்றது. சின்ன அறை ஒன்று இரண்டு அறையானது.

நான் படித்த பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரு ரூமுக்கு ஆறு பேர். ஆறு இரும்புக் கட்டில், இரண்டு மேசை. நாற்காலியை மெஸ்ஸிலிருந்து ராத்திரி தூக்கிக்கொண்டு வரவேண்டும், வார்டன் பார்த்தால் ஃபைன். நாலு வருடமும் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் டிராஃப்டரை வைத்துக்கொண்டு படித்தேன். அந்த அலமாரியின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது அழகுணர்ச்சி இல்லை, பொறாமை. ஒரு மாணவன் முகம் கழுவுவதை இன்னொருத்தர் பார்க்கவேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்!

இனி சண்டிகர். 1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. பஞ்சாபின் பல்கலைக்கழகமும் லாகூரிலேயே இருந்தது. புது நகரத்துக்கு 1951இல் வந்த லெ கொர்புசியே வருடத்துக்கு இரண்டு முறை வந்து போனார். ஜான்னரே தங்கிவிட்டார். 1965 வரை பதினான்கு வருடம். செக்ரட்டேரியட்டுக்கு மேசை, நூலகத்துக்கு அலமாரி, வகுப்புக்கு பெஞ்ச், விடுதிக்குக் கட்டில் என்று ஒரு நகரத்துக்கே சாமான் வேண்டும். பெரிய தொழிற்சாலை கிடையாது, பணமும் கிடையாது. தேக்கும் பிரம்பும் கிடைத்தன, ஆசாரிகள் கிடைத்தார்கள். ஜான்னரேயும் யூலி சௌத்ரி முதலான இந்தியக் கட்டடக் கலைஞர்களும் எளிமையான வரைபடங்கள் போட்டார்கள். பல பட்டறைகள் அதைப் பார்த்துச் செய்தன. அதனால் ஒரு நாற்காலி மாதிரி இன்னொன்று அச்சாக இருக்காது. கால் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், சாய்வு கொஞ்சம் மாறும். எங்கள் தொழில்பாஷையில் சொன்னால் ஓப்பன் சோர்ஸ். வரைபடம் பொது, செய்தவன் கை தனி. பிரம்பு அறுந்தால் தெருவில் போகிற ஆளைக் கூப்பிட்டுப் பின்னிக்கொள்ளலாம்.

எந்தத் துறைக்கு, எந்தக் கட்டடத்துக்கு என்று முதுகில் பெயிண்டால் எழுதி வைத்தார்கள். எல்லா சர்க்கார் சாமானுக்கும் செய்கிற வேலைதான். பின்னால் அந்தக் கிறுக்கல்தான் தலையெழுத்தானது.

உடைந்த நாற்காலிக்கு அரசு அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மூலையில் குவியும், கண்டெம்ன்டு என்று ஒரு ஃபைல் போடுவார்கள், மொத்தமாக ஏலம். பழைய மரச் சாமானுக்குப் பதில் இரும்பும் பிளாஸ்டிக்கும் வரும். 1990களின் கடைசியில் பாரிஸ் வியாபாரிகள் சிலர் அந்த ஏலங்களுக்கு வர ஆரம்பித்தார்கள். விறகு விலைக்குக் கிடைத்ததைக் கொண்டுபோய்ப் புதுப்பித்து, கண்காட்சி நடத்தி, புத்தகம் போட்டு, ஏல நிறுவனங்களில் பல லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். முதுகில் பெயிண்டால் எழுதிய எழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டார்கள், அது அசல் என்பதற்கு அத்தாட்சி. ஆமி சீகல் 2013இல் எடுத்த ‘புரோவனன்ஸ்’ படம் இந்தப் பயணத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. பணக்கார வீடுகளின் வரவேற்பறையில் தொடங்கி, ஏலக்கூடம், கப்பல் என்று பின்னோக்கிப் போய் சண்டிகரில் முடிகிறது. கடைசியில் அந்தப் படத்தையே கிறிஸ்டீஸில் ஏலம் விட்டார்கள்.

வியாபாரிகளைத் திருடர்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கும். சொல்ல முடியாது. ரசீதோடு வாங்கினார்கள். 1972 தொல்பொருள் சட்டம் காப்பாற்ற ஒரு பொருளுக்குப் பொதுவாக நூறு வயது ஆகியிருக்கவேண்டும், இந்த நாற்காலிகளுக்கு ஐம்பதுகூட நிரம்பவில்லை. 2011இல் உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. வெளியே போனது போனதுதான். விலை ஏறினதும் நகல்கள் வந்தன. உலகத்துக் காபி கடைகளிலும் ஹோட்டல் லாபிகளிலும் இன்று அந்தக் காம்பஸ் கால் நிற்கிறது.

அப்படித்தான் மருமகனின் பிடிஎஃப்புக்குள் அது வந்தது. ஆனால் படத்தை உற்றுப் பார்த்தபோது நாற்காலியின் நிழல் ஜன்னல் வெளிச்சத்தோடு ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்த படம். கட்டடம் முடியும் முன்பே மாணவர்களைப் பிடிக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் அந்தப் பெட்டுக் கணக்கில் இருக்கிறது. சாதாரணமாக நாலு பையன்கள் ஒரு வீட்டை எடுத்தால் ஒப்பந்தம் ஒன்று. ஒருவன் ஓடிவிட்டால் மற்ற மூவர் தலையில் விழும். இங்கே ஆளுக்குத் தனி ஒப்பந்தம், அடுத்தவன் கட்டாவிட்டால் உனக்குக் கவலையில்லை. மாணவனுக்கு இது நிஜமான நன்மைதான். முதலாளிக்கோ, ஒரு வீட்டிலிருந்து மாதம் 4,600 டாலர். ஒவ்வொரு ஆகஸ்ட்டும் புதுக் கூட்டம், புது விலை. பெற்றோர் உத்தரவாதக் கையெழுத்து. 2022இல் பிளாக்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்கன் கேம்பஸ் கம்யூனிட்டீஸ் என்ற மாணவர் குடியிருப்பு நிறுவனத்தைக் கடனையும் சேர்த்துச் சுமார் 1,300 கோடி டாலருக்கு வாங்கியது ஒன்றும் நாற்காலி மேல் உள்ள காதலால் இல்லை. பாரிஸில் மொத்தமாக வாங்கியதன் லாபம் மாணவனுக்குப் போனது. இங்கே அதே மொத்தக் கணக்கின் லாபம் வேறு பக்கம் போகிறது.

இதையெல்லாம் மருமகனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க ஆறு பேர் ஒரு ரூம்ல இருந்தீங்கன்னு நானும் இருக்கணுமா மாமா? அந்த லேடி அலமாரி செஞ்சது அதுக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா போனை வாங்கி, "புள்ள ஒரு நல்ல எடத்துல இருக்கட்டும்டா" என்றாள். மாமா ஏற்கெனவே வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக்கடன் எடுத்திருந்தார். அமெரிக்காவில் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் முன்பணமாகக் கூடுதலாக இரண்டு மாத வாடகை கேட்டார்கள். அதை நான் அனுப்பினேன்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ரூம் போட்டோ வந்தது. ஜன்னல் இருந்தது, மேசை இருந்தது. நாற்காலியின்மேல் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. பிரம்பு தெரியவில்லை. கேட்டேன்.

"பிரம்பு இல்ல மாமா, பிளாஸ்டிக். சாஞ்சா கிறீச்சுங்குது. நான் பெட்லதான் உக்காந்து படிக்கிறேன்."