வீட்டிலேயே நீச்சல் குளம்: நாகையில் எந்தத் தண்ணீரால் நிரப்புவது? ஹீட்டர் தேவையா?

சொந்த ஊரில் வீடு கட்டும்போது தோட்டத்து ஓரமாக ஒரு சின்ன நீச்சல் குளம் வேண்டும் என்ற ஆசை நாகப்பட்டினம் பக்கமும் வந்துவிட்டது. குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, நீல டைல்ஸ் ஒட்டுவது வரை சிக்கல் இல்லை. அதை எந்தத் தண்ணீரால் நிரப்புவது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குக் கட்டுவதில் இது சிறிய அளவுதான். இதற்கே 18,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் 80 நாளுக்கு மேல் புழங்கும் தண்ணீர் இது.

குழாய்த் தண்ணீரைப் பிடிக்கலாமா?

கூடாது. நாகை மாவட்டத்தின் கடலோர ஊர்களுக்கு நல்ல தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியாக வருகிறது. கடைசி ஊருக்கு வந்து சேரும்போது வேகமும் அளவும் குறைந்துவிடும். இதில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். பெங்களூருவில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, நீச்சல் குளத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்த நகரக் குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது.

அப்போ போர் தண்ணீர்?

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். "நம்ம இடம், நம்ம ஃபில்டர் பாயிண்ட்" என்று மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். கடற்கரை ஓரத்தில் பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மணலுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலம் மாதிரி மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம்தான் கனம் அதிகம். அதனால் இந்த மிதப்பு மிக நுணுக்கமான சமநிலை. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், உப்புத் தண்ணீர் கீழிருந்து 40 அடி வரை ஏறிவரலாம் என்பது நிலத்தடி நீர் வல்லுநர்களின் பழைய கணக்கு. மணிக்கு 5,000 லிட்டர் இழுக்கும் மோட்டார் இருந்தால் மூன்றரை மணி நேரத்தில் குளம் நிரம்பிவிடும். ஆனால் அந்த வேகத்தில் இழுக்கும்போது உப்பு மேலே வந்தால், கரிக்கப்போவது உங்கள் ஃபில்டர் பாயிண்ட் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அடிபம்பும்தான். ஏறிய உப்பு இறங்க எத்தனை மழைக்காலம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த கிணறுகளை வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு தெரிந்ததுதான்.

போர் தண்ணீர் தவிர வழியில்லை என்றால், ஒரே மூச்சில் இழுக்காமல் நாலைந்து நாளாகப் பிரித்து, இடையில் ஊற விட்டு நிரப்புவது நல்லது. நீந்துவதற்கு லேசான உப்பு பிரச்னை இல்லை, உப்பு நீச்சல் குளம் என்றே ஒரு வகை விற்பனையில் இருக்கிறது. தொல்லை தருவது இரும்புச் சத்து. தெளிவாகத் தெரியும் தண்ணீரில் குளோரின் போட்டதும் குளம் முழுக்கத் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் முதலில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

மொட்டை மாடி இருக்கிறதே!

நாகையில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 7,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அப்படி மூன்று நாள் பெய்தால் குளம் நிறைந்துவிடும். மழைநீர் சேகரிப்புக் குழாய் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. அந்தக் குழாயில் ஒரு வடிகட்டியும் ஒரு கிளையும் சேர்ப்பது பெரிய செலவல்ல. முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

ஹீட்டர் வாங்கணுமா?

சர்வதேசப் போட்டிக் குளங்களில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது விதி. நாகையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆண்டில் ஒன்பது மாதம் வெயிலே ஹீட்டர். குழந்தைகளுக்காக மழைக்காலத்தில் மூன்று டிகிரி கூட்ட நினைத்தால், சாதாரண மின்சார ஹீட்டரில் 63 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பங்கு ஒரே தடவையில் போய்விடும். காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப் என்றால் சுமார் 13 யூனிட் போதும். கடற்காற்றும் குளோரினும் சேர்ந்த இடத்தில் அதன் உள்குழாய் டைட்டானியமாக இருக்க வேண்டும். செம்பு சீக்கிரம் அரித்துவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு மூடி வாங்குங்கள். குளத்திலிருந்து ஒரே நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 75 லிட்டர் தண்ணீர் போகிறது. கூடவே தண்ணீரை இரண்டு டிகிரிக்கு மேல் குளிர வைக்கும் அளவு வெப்பமும் போகிறது. மூடி போட்டால் சூடேற்றும் செலவு 50 முதல் 70 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

மழைக்காலத்தில் காலி செய்யலாமா?

பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "மழை வருதே, கழுவி விட்டுடலாம்" என்று நவம்பரில் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். டெல்டாவில் அந்தச் சமயம் நிலத்தடி நீர் தரைமட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நாம் பார்த்த அளவுள்ள, அரை அடிச் சுவர் கொண்ட கான்கிரீட் தொட்டியின் எடை 13, 14 டன். சுற்றிலும் நீர் விளிம்பு வரை வந்தால் அதை மேலே தள்ளும் விசை 23 டன். காலித் தொட்டி படகு மாதிரி கிளம்பும், இல்லையென்றால் தரை பிளக்கும். கட்டும்போதே அடியில் அழுத்தம் தணிக்கும் வால்வு வைக்கச் சொல்லுங்கள். கழுவுகிற வேலையை மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் மோட்டார் ஓடாத குளம் கொசுவுக்குத்தான் வீடு. மூடி போட்டு வைத்து, அமிலக் காரச் சமநிலை 7.2 முதல் 7.8 வரையும், குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடும் என்பதால் மாலையில் போடுவது சிக்கனம்.

பிறகு எப்போது தண்ணீரை வெளியேற்றினாலும், குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் திறந்து வைத்து, சோதனைப் பட்டையில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம். உப்புப் போட்ட குளத்துத் தண்ணீர் என்றால் தென்னைக்கும் வேண்டாம், பக்கத்து வயல் வாய்க்காலுக்கும் வேண்டாம்.