நாற்பதாம் பாட்டின் பயணம்

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு ஐந்தே அடி. களவில் கூடியபின் 'இவன் விட்டுப் போய்விடுவானோ' என்று கலங்கும் பெண்ணுக்குத் தலைவன் சொல்லும் தேறுதல் அது. முன்பின் அறியாத இருவரின் நெஞ்சம் கலந்ததற்குச் செம்மண்ணில் பெய்த மழையைச் சாட்சிக்கு அழைக்கிறான். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டில் மழை பெய்து பார்த்தவருக்கு இதற்கு உரை தேவையில்லை. சிவந்து ஓடும் நீரில் எது மண், எது மழை?

பாடியவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார்.

குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. மதுரைத் தருமிக்குப் பொற்கிழி வாங்கித் தந்ததாகக் கதை சொல்லும் பாட்டும் இதே நூலின் இரண்டாம் பாட்டுதான். பேராசிரியர் 380 பாட்டுக்கு உரை எழுத, எஞ்சிய இருபதுக்கு மதுரை நச்சினார்க்கினியர் எழுதினார் என்பார்கள். இரண்டு உரையும் மறைந்தன. மூலம் ஏட்டில் பிழைத்தது. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அதை அச்சேற்றினார். 1937இல் உ.வே.சாமிநாதையரின் பதிப்பு வந்தது.

அந்தப் பதிப்பு கடல் கடந்தது. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போன ஏ.கே.ராமானுஜன் கையில் அகப்பட்டது. மைசூரில் வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசியவர் அவர். தன் மரபும் பிறப்பால் கிடைத்துவிடாது, உழைத்துத்தான் பெற வேண்டும் என்பதை அங்கே உணர்ந்தார். 1967இல் வெளிவந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு நூலில் நாற்பதாம் பாட்டும் இருந்தது. பிறகு லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளிலும் அது ஒட்டப்பட்டது.

படித்தவர்களின் பாட்டை எல்லோருடைய பாட்டாகவும் ஆக்கியது இசை. 1997இல் 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாடலில் வைரமுத்து நாற்பதாம் பாட்டின் 'யாயும் ஞாயும்' என்ற தொடரை எடுத்தாண்டார், மெட்டு ஏ.ஆர்.ரகுமானுடையது. 2019இல் 'சகா' படத்துக்காகச் சிங்கப்பூர் இசைக்கலைஞர் ஷபீர் அதே தொடரில் ஒரு காதல் பாட்டைத் தொடங்கினார். படத்தைத் தாண்டி நின்றது பாட்டு. மறு ஆண்டே அமெரிக்கத் தமிழரான ராஜன் சோமசுந்தரம், டர்ஹாம் சிம்பொனி இசைக்குழுவைச் சேர்த்துக்கொண்டு, சங்கப் பாடல்களுக்கென்றே 'சந்தம்' என்ற தனி ஆல்பம் வெளியிட்டார். சினிமாக் கதையின் துணை இல்லாமலே சங்கப் பாட்டு மேடையேறலாம் என்பதற்கு அது சான்று.

ஏடு காத்தது, அச்சு பரப்பியது. மனப்பாடம் செய்ய வைத்தது மெட்டுதான். ஆனால் மெட்டமைப்பவர்கள் நாற்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு பக்கம் புரட்டினால் நாற்பத்தொன்று: காதலன் இல்லாத பெண், ஆள் போய்விட்டதால் அணில் விளையாடும் முற்றமாகத் தன்னை உணர்கிறாள். அந்தப் புலவரும் உவமையால் பெயர் பெற்றவரே, அணிலாடு முன்றிலார். கிடார் எடுத்திருக்கும் மதுரைப் பிள்ளைகள் அடுத்து அந்த முற்றத்துக்குப் போகட்டும்.