நீலகிரி: மரம் நட்ட கதை

ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திட்டு இருக்கிற விஷயம் இது. இன்னிக்கு இறக்கி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

2019. கோயமுத்தூர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆபீஸ்ல ஒரு பசுமைக் குழு உண்டு. ஒரு சனிக்கிழமை எங்களையெல்லாம் வேன்ல ஏத்தி ஊட்டி பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. 200 சில்வர் ஓக் கன்று, ஒரு பேனர், ஆளுக்கொரு பச்சை டி-ஷர்ட், மதியம் பிரிஞ்சி சாப்பாடு. தனியார் நிலம், மரமே இல்லாத புல் சரிவு. ஒரே மணி நேரத்துல நட்டு முடிச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. உலகத்தையே காப்பாத்திட்ட மிதப்பு :-)

கூட வேலை பார்க்கிற நண்பனுக்கு கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் கிராமம். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனோம். அவங்க அப்பா டீ கொடுத்துக்கிட்டே, "எந்த எடத்துல நட்டீங்க தம்பி?"ன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அது காலி எடம் இல்லையே தம்பி. புல்லு இருந்துச்சே" என்றார்.

"வெறும் புல்லுதானுங்களே அப்பா?"ன்னு கேட்டுட்டேன். அவர் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடப் போய்த்தான் நீலகிரியின் 200 வருஷக் கதையைப் படிக்க ஆரம்பிச்சேன். நிற்க.

புல்லும் சோலையும்

நீலகிரியின் மேல்மட்டத்துல இயற்கையா இருந்த அமைப்பு ரொம்ப எளிமையானது. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சோலைக்காடு. அதைச் சுத்தி சரிவு முழுக்கப் புல்வெளி. பள்ளத்துல சதுப்பு நிலம், அதுல இருந்து ஓடை. மழைத் தண்ணியை இந்த மூணும் சேர்ந்து பிடிச்சு வச்சு, வெயில் காலம் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா விடும். வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கிற நீலக்குறிஞ்சியும் இந்தச் சரிவுகளில்தான்.

தோடர்களுக்கு அந்தப் புல்வெளிதான் எல்லாம். எருமை மேய்ச்சல் அங்கேதான். கோயில் கூரை வேய்வதற்குக்கூட சதுப்பில் வளர்கிற ஒரு தனிப்புல் வேணும். சின்னச் சின்னத் துண்டா புல்லுக்குத் தீ வச்சு, புதுத் தளிர் வரவழைச்சு மேய்ப்பது அவங்க பழக்கம்.

1819ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். சில வருஷத்துல ஊட்டியில் கல் பங்களா கட்டினார், ஏரியும் வெட்டினார். அவரைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும்: இந்த நிலத்தில் தோடர்களுக்கு உரிமை இருக்குன்னு தன் மேலிடத்தோடயே மல்லுக்கட்டினவர். ஆனா அவருக்குப் பின்னாடி வந்த கம்பெனி, சர்க்கார் காகிதங்களில் புல்வெளிக்குக் கிடைச்ச பேர் 'வேஸ்ட் லேண்ட்', அதாவது தரிசு. ஒரு இடத்துக்குத் தரிசுன்னு பேர் வச்சுட்டா, அப்புறம் அதுல என்ன பண்ணினாலும் முன்னேற்றம்தானே?

காட்டன் துரையின் கன்று

வெள்ளைக்காரங்க குடியேற்றம் பெருகவும் குளிருக்கு விறகு பஞ்சம். சோலைகள் வேகமா காலியாச்சு. சோலை மரம் வளர ஆமை வேகம். ஒருதரம் வெட்டினா திரும்ப வர தலைமுறைகள் ஆகும். அதுக்கு ஒரு தீர்வா 1843ல் கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸைக் கொண்டு வந்து நட்டார். (என்ஜினியர். நம்ம ஆளு!) நம்ம ஊர்ல கற்பூர மரம், தைல மரம்னு சொல்றது அதைத்தான். அதே காலத்துல வந்த இன்னொரு ஆஸ்திரேலியக்காரர் வாட்டில். மலையில அதுக்குப் பேர் சீகை மரம்.

இதை வெறும் பேராசைன்னு ஒதுக்கிட முடியாது. சோலையைக் காப்பாத்தத்தான் விறகுத் தோட்டம். இன்னிக்கு நாம 'நிலைத்த வளர்ச்சி'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே சிந்தனை. சோலையை வெட்டாதே, காலியா கிடக்கிற இடத்துல வேகமா வளர்கிற மரத்தை நடு. கணக்கு கச்சிதம். 'காலி' என்கிற ஒரு வார்த்தைதான் தப்பு.

1879ல் நீலகிரிக்குன்னே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882ல் சென்னை மாகாண வனச் சட்டம். வரையாட்டுக்கும் சோலைக்கும் ஓரளவு காவல் கிடைச்சது. அதே காவல்தான் தோடர்களின் தீயையும் மேய்ச்சலையும் குற்றமாக்கியது.

ஐந்தாண்டுத் திட்ட மரம்

வெள்ளைக்காரன் போனதும் கதை மாறியிருக்கும்னு நினைச்சீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில் பெரிய அளவுல நட்டது நாமதான்.

தோல் பதனிட டானின் வேணும். சீகைப் பட்டையில் அது நிறைய. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யாம நாமளே வளர்த்துக்கலாம்னு 1950கள், 60களில் புல்வெளி புல்வெளியா சீகை நட்டாங்க. மலையடிவாரத்தில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை வந்ததும் மரக்கூழுக்காக யூகலிப்டஸும் சீகையும் லாரி லாரியா இறங்கிச்சு. சுதேசி, வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி எல்லாமே நல்ல காரணங்கள்தான்.

அதே காலத்துல அரசு இன்னொரு வேலையும் பண்ணிட்டு இருந்தது. 1932லேயே பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சாச்சு. 50கள், 60களில் கனடா உதவியோட குந்தா திட்டம்: அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள். அதாவது, கீழே தண்ணியைப் பிடிக்க அணை; அதே அணைகளின் தலைமாட்டில், தண்ணி சுரக்கிற புல்வெளியில், தண்ணியை உறிஞ்சுகிற மரம். ரெண்டு டீம், ரெண்டு பேரும் நல்லா வேலை செய்யறாங்க, ஆனா ஒருத்தர் எழுதுற கோடு இன்னொருத்தர் கோடை உடைக்குது. ஆபீஸ்ல தினம் பார்க்கிறதுதான் :-(

கிளென்மார்கன் கணக்கு

இதை யாரும் அளக்கலையா? அளந்தாங்க. அதுதான் என்னை அசர வச்சது. ஊட்டியில் இருக்கிற மத்திய மண்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கன்ல ஒரு அருமையான சோதனை பண்ணியிருக்கு. பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதி. ஒண்ணை புல்லாவே விட்டுட்டாங்க. இன்னொண்ணுல 1970களில் 59 சதவீத இடத்துல யூகலிப்டஸ் நட்டாங்க. ரெண்டுலயும் வெளியே வர்ற தண்ணியை வருஷக் கணக்கா அளந்தாங்க.

முதல் பத்து வருஷச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைஞ்சுது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்த ரெண்டாவது சுற்றில் 25 சதவீதத்துக்கும் மேல. அதுலயும் மழை இல்லாத மாசத்துல ஓடையை உயிரோட வச்சிருக்கிற அடிநீர் ஓட்டத்துக்குத்தான் பெரிய அடி.

இங்கே என் சுயநலத்தையும் சொல்லிடறேன். எங்க ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். பைக்காரா தண்ணி மாயாறாகும். குந்தா தண்ணி பவானியில் சேரும். ரெண்டும் பவானிசாகர்ல ஒண்ணாகி, கொடிவேரி அணை வழியா எங்க வயலுக்கு வரும். எங்க தாத்தா வாய்க்கால்ல தண்ணி எப்ப விடுவான்னு சித்திரை வெயில்ல ரேடியோவைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பார். அவர் பேரன், படிச்சவன், அந்தத் தண்ணியின் தலைமாட்டில் போய் புல்லை மூடிட்டு வந்திருக்கேன்.

எதை எண்ணுகிறோம்?

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் கோளாறு மரத்துல இல்லை, அளவுகோல்ல இருக்கு. 1952 வனக் கொள்கை மலைப்பகுதியில் 60 சதவீதம் காடு வேணும்னது. 1988 கொள்கை இன்னும் மேலே போய் மூணுல ரெண்டு பங்கு காடோ மரப்போர்வையோ இருக்கணும்னது. நம்ம நாட்டு வன அறிக்கையில 'வனப்பரப்பு'ன்னா ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், மேலே மரநிழல் 10 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும். என்ன மரம், யார் நிலம்னு கேள்வியே இல்லை. அப்ப சீகைத் தோட்டம் காடு. குறிஞ்சியும் வரையாடும் இருக்கிற புல்வெளி பூஜ்யம். புல்வெளி அழிஞ்சு சீகை ஏறினா, அறிக்கைப்படி அது வளர்ச்சி!

பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வச்சுப் பார்த்த ஆய்வு, நாற்பது வருஷத்துல புல்வெளியில் மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு சொல்லுது.

நல்லதும் நடந்திருக்கு, இல்லைன்னு சொல்லலை. 1986ல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமா நீலகிரி அறிவிக்கப்பட்டது. 1990ல் முக்குருத்தி தேசியப் பூங்கா. 1988 கொள்கையே, பொருளாதார லாபத்தை விட சூழல் சமநிலைதான் முதல்னு சொன்னது. 2022ல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால 2024 மே 7லிருந்து ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ்.

ஆனா எல்லா சீகையையும் நாளைக்கே வெட்டித் தள்ளலாம்னு கிளம்பறதும் ஆபத்து. சீகை விதை மண்ணுக்குள்ள பல பத்தாண்டுகள் உயிரோட தூங்கும். வெட்டினாலோ தீ வச்சாலோ கும்பலா எழுந்து வரும். பழைய தோட்டங்களின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைச்சு வருது. அதைத் தொட்டா சோலையும் போச்சு. அதனால புல்வெளி ஓரத்தில் புதுசா ஏறுகிற சீகையை முதல்ல பிடுங்கணும், பழைய தோட்டத்தை நிதானமா சோலையா மாற விடணும் என்கிறாங்க. அவசரமா நட்டதை அவசரமா எடுக்க முடியாது.

போன வருஷம் நண்பனோட அந்தச் சரிவைப் போய்ப் பார்த்தேன். 200ல் பாதி பட்டுப்போயிருந்தது. மீதி என்னை விட உயரம். எடுத்துடலாமான்னு கேட்டேன். நண்பன் சிரிச்சான். 1955ல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தனியார் நிலத்துலயும் மரம் வெட்ட குழுவோட அனுமதி வேணும். தேவையான சட்டம்தான். ஆனா அன்னிக்குப் புல்லை மூடி 200 கன்று நட நாங்க ஒரு கையெழுத்துகூட வாங்கலை.

அவங்க அப்பாகிட்ட போய் மன்னிப்பு கேட்கிற மாதிரி ஏதோ சொன்னேன். "விடு தம்பி. அடுத்த தடவ வர்றப்ப கன்னு கொண்டு வராத, சும்மா வா"ன்னார்.

டிஸ்கி: கோயமுத்தூர் ஆபீஸ்ல இந்த வருஷமும் மரம் நடப் போறாங்க. இடத்தை மாத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கேன். மலையில வேண்டாம், வெட்டின நம்ம ரோட்டோரத்துல நடுவோம்னு.