நம் தெருவின் சவுக்கு மரம்



திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்தில் நம் அன்பியத்தார் ஒன்றுகூடிக் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கிறோம். ஒரு வீட்டார் விண்மீன் தருகிறார்கள். ஒரு வீட்டார் வண்ணக்காகிதம். பக்கத்து வீட்டு இந்து சகோதரி சீரியல் விளக்கு தருகிறார். "இது வெள்ளைக்காரர் வழக்கந்தானே? நமக்கெதற்கு?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கத்தோலிக்கராகிய நமக்கு நெடுங்காலமாக நெருக்கமானது குடில். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமை மக்கள் கண்முன் நிறுத்தினார். மரமோ ஜெர்மானிய வீடுகளில் வளர்ந்த வழக்கம். விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தபின் ஆங்கிலேயரிடையே வேகமாகப் பரவியது. உரோமைப் புனித பேதுரு சதுக்கத்தில் மரம் வைக்கப்பட்டது 1982-ல்தான், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் காலத்தில்.

நம் ஊரில் ஊசியிலை மரம் ஏது? நம் முன்னோர் சவுக்குக் கிளையை வெட்டி, மண் நிரப்பிய வாளியில் நட்டார்கள். அந்தச் சவுக்கும் வெளியிலிருந்து வந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகச் சோழமண்டலக் கரையில் பெருமளவில் பயிரிட்டார்கள். உப்புக்காற்றிலும் மணலிலும் வேர்பிடித்து, இன்று நம் மரமாகிவிட்டது.

விளக்குக்கும் இங்கே பழைய கதை உண்டு. கடலில் திசைதெரியாது தவித்த போர்த்துகீசியரை ஓர் ஒளி கரைசேர்த்தது என்பது லஸ் பிரகாச மாதா ஆலயத்தின் மரபு. அங்குள்ள கல்வெட்டு 1516-ஐக் குறிக்கிறது.

2004 கிறிஸ்துமஸ் இரவில் நம் மரங்கள் ஒளிர்ந்தன. மறுநாள் ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தது. வீடிழந்த குப்பத்து மக்களுக்கு, மதம் பாராமல், சாந்தோம் பேராலயம் அடைக்கலமானது. விளக்கின் பொருளை அன்று கற்றுக்கொண்டோம்.

அன்பர்களே, எந்த அன்பியத்தின் மரம் உயரம், யாருக்குப் பரிசு என்று போட்டியிடுகிறோம். தவறில்லை. ஆனால் நம் தெருவில் இவ்வாண்டு துக்கத்தில் இருளடைந்த வீடு எது? மரத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கையும் நம் நேரத்தில் ஒரு மாலையையும் அந்த வீட்டுக்குக் கொடுப்போம். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகுமுன் அந்தக் கதவைத் தட்டுவோம். அப்போது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆமென்.