காப்பு களைந்த மறுநாள்: முத்துக்குளித்துறைக் கரையில் குறைத்த எடையைக் காப்பது

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டுகிறவர்களில் சிலர் 48 நாள் விரதம் இருப்பார்கள், சிலர் 41, சிலர் 21. வேலை நெருக்கடியில் இருப்பவர்கள் கொடியேறிய பிறகு காப்புக் கட்டிப் பத்து நாளோடு முடித்துக்கொள்வதும் உண்டு. கவிச்சியும் மதுவும் விலகும். பலருக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அது முடிந்ததும் காப்பு களைவார்கள். பல வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கும். இதே தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்து ரமலான் நோன்பும், தூத்துக்குடி முதல் மணப்பாடு, பெரியதாழை வரையுள்ள கத்தோலிக்க ஊர்களின் தவக்காலமும், திருச்செந்தூரின் ஆறு நாள் சஷ்டி விரதமும் ஆண்டு தவறாமல் வந்துபோகின்றன. வாயைக் கட்டுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கட்டியதை அவிழ்த்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் முறை எதுவும் வகுக்கப்படவில்லை.

விரதத்தின் நோக்கம் எடை குறைப்பதல்ல. அதை அந்தத் தராசில் நிறுத்துவது நியாயமும் ஆகாது. ஆனாலும் வயதுவந்தோருக்குத் தாம் குறைத்த எடை ஏன் திரும்பிவிடுகிறது என்று கேட்கும் ஆய்வாளருக்கு விரதம் நல்லதொரு பாடநூல். ரமலான் நோன்பைப் பற்றி 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோன்பு மாதத்தில் சராசரியாக 1.24 கிலோ குறைந்திருந்தது. பின்தொடர்ந்து எடை பார்த்த ஆய்வுகளில், அடுத்த சில வாரங்களுக்குள் 0.72 கிலோ திரும்பியிருந்தது. பாதிக்கு மேல் போனது மாதிரியே வந்துவிட்டது.

இப்படித் திரும்புவதை ஊர் ஒரே சொல்லில் முடித்துவிடும்: வாய்க்கட்டு இல்லை. மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் இதே தீர்ப்புதான், கொஞ்சம் மரியாதையான சொற்களில். இக்கட்டுரை அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. எடையைக் குறைப்பதும் குறைத்ததைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள். முதல் வேலைக்கு உடற்பயிற்சிக் கூடமும் உணவுப் பட்டியலும் ஊசியும் இருக்கின்றன, இரண்டாம் வேலைக்கு ஆள் இல்லை என்பதே இதன் வாதம். அந்த ஆள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வீடு வீடாக நடந்துகொண்டிருக்கிறார் என்பது வாதத்தின் பின்பாதி.

முதலில் உடலின் பக்கத்தைப் பார்க்கலாம். 2011-இல் ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரனும் உடனாய்வாளர்களும் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த ஆற்றல் உணவு கொடுத்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறின, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் இறங்கின. ஓராண்டு கழிந்த பின்பும் அவை பழைய நிலைக்கு வரவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துக் கெவின் ஹால் குழு மீண்டும் அளந்தபோது, அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட வியப்பானது வேறு: ஓய்வாக இருக்கையில் அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், அவர்களைப் போன்ற உடலுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. அதே குழுவின் இன்னொரு கணக்கு, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது என்கிறது. ஆறு கிலோ குறைத்த ஒருவர் தினமும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஈடான கூடுதல் பசியைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறார். தூத்துக்குடியில் மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் புரோட்டாக் கல் சூடாகிவிடும்.

உடல் இப்படியென்றால் ஊர் இன்னொரு விதம். விரதகாரரின் பலம் மன உறுதி மட்டுமன்று. அவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. ‘மாலை போட்டிருக்கேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் கல்யாண வீட்டிலும் எவரும் வற்புறுத்த மாட்டார்கள். அவருக்கென்று தனிப் பாத்திரம் வைக்க மனைவியோ அம்மாவோ ஆயத்தமாக இருப்பார். உடன் வேலை பார்ப்பவர்கள் வாழ்த்துவார்கள். ‘எடையைக் குறைச்சிருக்கேன், வேண்டாம்’ என்று அவரே தை மாதத்தில் சொன்னால் கிடைக்கும் பதில், ‘ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆயிடும்?’ இலையில் மறுசோறு விழுந்துவிடும். மறுப்பது உபசரிப்பவரை அவமதிப்பதாகவே கொள்ளப்படும். பெண்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. சமைப்பதும் கடைசியில் உண்பதும் அவர்கள்தாம். மிச்சமிருக்கும் சோற்றை வீணாக்காமல் முடிப்பதும் அவர்கள் பொறுப்பாகவே பல வீடுகளில் தொடர்கிறது. ஆக, குறைத்ததைக் காப்பதற்கு வேண்டியது புதிய உணவுப் பட்டியலைவிட, கௌரவத்தோடு மறுக்க ஓர் இடம். விரதம் அந்த இடத்தை நாள் கணக்கில் தருகிறது. ஆயுள் கணக்கில் அதைத் தர நம்மிடம் சடங்கு எதுவும் கிடையாது.

உணவைப் பற்றி இன்னொரு சிறு குறிப்பு, உடன்குடிக்காரர்கள் பொறுத்தருள வேண்டும். கருப்பட்டிக்கு மணமும் புவிசார் குறியீடும் உண்டு. ஆற்றல் கணக்கில் அதற்கும் வெள்ளைச் சீனிக்கும் பெரிய இடைவெளி இல்லை. ‘சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறிட்டேன்’ என்பது எடையைக் காக்கும் வழி ஆகாது. முட்டை வெண்கருவும் முந்திரியும் சீனியும் சேர்ந்த மக்ரூனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேலையும் மாறிவிட்டது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறதா என்று கேட்டவர்களுக்கு உலகின் பழைய விடைகளில் ஒன்று துறைமுகத்திலிருந்துதான் வந்தது. ரால்ஃப் பாஃபன்பர்கர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டு பின்தொடர்ந்து 1975-இல் எழுதினார்: மூட்டை சுமக்கும் கடின வேலைக்காரர்களிடையே இதய நோய்ச் சாவு, இலகு வேலை பார்த்தவர்களைவிடக் குறைவு. தூத்துக்குடியிலும் ஒரு காலத்தில் கரைக்கும் கப்பலுக்கும் இடையே தோணியும் மனிதத் தோளும்தான் சரக்கை நகர்த்தின. 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் இன்று சரக்குப் பெட்டகத்தைப் பாரந்தூக்கி எடுக்கிறது. அதை இயக்குபவர் உட்கார்ந்திருக்கிறார். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் ஊர் அவர்களால் மட்டும் ஆனதல்ல. பழைய உழைப்புக்கு அளந்த சோறு இன்றும் தட்டில் இருக்கிறது.

உழைப்பு நிற்காத தொழில்களிலும் அது ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலை நின்றுவிடும். இந்த இடைவெளிகளில் உடலின் செலவு இறங்குகிறது. பசி உடனே இறங்குவதில்லை. எல்லாத் தொழிலாளரையும் ஒரே கூடையில் போடவும் கூடாது. வெயிலில் உப்பு வாரும் பெண்களுக்கு நீரிழப்பும் சிறுநீரகமும் முதற்கவலை. அவர்களிடம் போய் எடையைப் பற்றிப் பேசுவது அபத்தம். ஆனால் மாநிலக் கணக்கைப் புறக்கணிக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ள பெண்கள் 2015–16-இல் 30.9 விழுக்காடு, 2019–21-இல் 40.4. ஆண்கள் 28.2-இலிருந்து 37.0. உடல் நிறைக் குறியீட்டெண் 25 என்னும் வரம்பில் எடுத்த கணக்கு இது. இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை தொடங்குகிறது என்று 2009-இல் இந்திய வல்லுநர்கள் வகுத்த அளவுகோலை வைத்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும்.

இனி, காப்பதற்கு எது உதவுகிறது? அமெரிக்காவில் 1994-இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு அடிக்கடி மேற்கோளாகிறது. எடையைக் காத்தவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலோர் வாரம் ஒருமுறையேனும் எடை பார்க்கிறார்கள் என்பது அதன் செய்தி. பயனுள்ள செய்திதான், ஆனால் வென்றவர்கள் தாமாக வந்து பெயர் கொடுத்த ஏடு அது. அதையே செய்து தோற்றவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த ஏட்டால் சொல்ல முடியாது. குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனைகளே நம்பத்தக்கவை. ரீனா விங் குழு 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஏற்கெனவே எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்திருந்த 314 பேர் பங்கேற்றார்கள். தினமும் எடை பார்க்கவும், 2.3 கிலோ ஏறியவுடன் உடனடியாகச் சீர்செய்யவும் அவர்களில் இரு குழுவினருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து, செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72.4 விழுக்காட்டினர் அந்த வரம்பைத் தாண்டியிருந்தார்கள். இணையவழி கற்றவர்களில் 54.8. நேரில் கூடிக் கற்றவர்களில் 45.7. லாரா ஸ்வெட்கி குழுவின் 2008 சோதனையில் 1,032 பேர், முப்பது மாதம். தனித்து விடப்பட்டவர்களுக்கு 5.5 கிலோ திரும்பியது, மாதம் ஒருமுறை ஓர் ஆள் பேசியவர்களுக்கு 4.0 கிலோ. ஒன்றரைக் கிலோ வேறுபாடு சிறிதுதான். ஆனால் அது ஒரு தொலைபேசி அழைப்புக்குக் கிடைத்த விளைவு.

பிரிட்டனின் டைரக்ட் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எடை குறைத்ததால் நீரிழிவு பின்வாங்கியவர்கள் முதலாண்டில் 46 விழுக்காடு, இரண்டாமாண்டில் 36. எடை மீளத் தொடங்கியவர்களுக்கு மீட்பு உணவுத் திட்டம் ஒன்றையும் அந்த ஆய்வு கையோடு வைத்திருந்தது. ஏறுவதைக் குற்றமாகப் பார்க்காமல், எதிர்பார்த்த நிகழ்வாகவே எடுத்துக்கொண்டது. ஊசி மருந்தின் கதையும் இதற்கு விலக்கல்ல. செமாகுளுடைடால் 68 வாரத்தில் 17.3 விழுக்காடு எடை குறைத்தவர்களுக்கு, மருந்தை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இவ்வகை ஊசிகளைச் சில மாதம் போட்டுக்கொண்டு நிறுத்துகிறவர், விலையுயர்ந்த விரதம் ஒன்றை முடித்தவராகிறார்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்தே. அ.இராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்தது. உணவு, நடை மாற்றங்களால் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2013-இல் வெளியான அடுத்த சோதனையில் 537 ஆண்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள். நீரிழிவு வந்தவர்கள் 27 விழுக்காட்டிலிருந்து 18 ஆனார்கள். அப்படியானால் எடையைக் காப்பதற்கு ஏன் இத்தனை பாடு? இந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் சொல்லலாம். தராசு முள் அசையாதபோதும் உடல் நலம் பெறுகிறது. எனவே இரண்டு கிலோ திரும்பியவரைத் தோற்றவர் என்று விரட்டுவது மருத்துவப் பிழை. ஆனால் அந்த இரண்டு சோதனைகளிலும் பயன் தந்தது என்ன என்று பார்த்தால், தொடர்பு விடாமல் இருந்ததுதான். எடையைக் காக்கும் சோதனைகளும் அதையே சொல்கின்றன. தூத்துக்குடியில் வேண்டியது அந்தத் தொடர்பு. அளக்க வேண்டியது எடையோடு இடுப்புச் சுற்றளவும், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற வரம்பில்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை அறிவிக்கப்பட்டது. பாதை இருக்கிறது, வருகையும் இருக்கிறது. அந்தப் பையில் அளவு நாடா ஒன்றைச் சேர்த்து, எடை குறைத்தவர்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, இரண்டு கிலோ ஏறினால் அடுத்த வருகையைத் தள்ளாமல் முன்னே இழுப்பது பெரிய செலவன்று. நாள்காட்டியும் உதவும்: தடைக்காலத்தின் முதல் வாரம், ஈஸ்டர் கழிந்த வாரம், ஷவ்வால் முதல் வாரம், தசரா முடிந்த வாரம். தன்னார்வலர் அதே தெருப் பெண் என்பதால் மறுக்கும் உரிமைக்கும் ஒரு சாட்சி கிடைக்கிறது. ‘அந்த அக்கா வந்து அளப்பாங்க’ என்பது பந்தியில் சொல்லக்கூடிய காரணம்.

இதில் நம்பிக்கை மிகையாகவும் கூடாது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு நடந்த கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம், ஊராரையே வழிகாட்டிகளாக்கியது. இரண்டாண்டில் நீரிழிவு வந்தவர்கள் ஒருபுறம் 14.9 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 17.1; வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறும் அளவுக்கு இல்லை. அயலார் வருகை மாயம் செய்யாது என்பதற்கு அது சான்று. எதைப் பேச வேண்டும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பயிற்சி தராமல் அனுப்பினால் தூத்துக்குடியிலும் அதுவே நடக்கும். இன்னொரு தடை கூலி. இந்தத் தன்னார்வலர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர், பெறுவது ஊக்கத்தொகை. வருகைக்கு ஏற்ற தொகையைக் கூட்டாமல் இன்னொரு படிவத்தை மட்டும் கையில் திணித்தால், இடுப்பு அளக்கப்படாமலே கட்டங்கள் நிரம்பும். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அந்த எண்கள் அழகாகவே போய்ச் சேரும்.